செருப்புக்குக் காலா, காலுக்குச் செருப்பா?

உயரக் குதியின் வரலாறு, அது உடலில் செய்யும் வேலை, வேலையிடங்களில் மாறிவரும் விதிகள், சுகமான ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெண்கள் போடும் செருப்புக்கும் அவர்கள் பாதத்துக்கும் பொருத்தம் குறைவு என்பது அளந்து பார்த்து நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள் 356 பெண்களின் பாதங்களையும் அவர்கள் அணிந்திருந்த ஷூக்களையும் ஒப்பிட்டு 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 88 சதவீதம் பேர் தங்கள் பாதத்தைவிடச் சிறிய ஷூவைப் போட்டிருந்தார்கள். 80 சதவீதம் பேருக்குப் பாதத்தில் வலி இருந்தது. 76 சதவீதம் பேருக்கு முன்பாதம் ஏதாவது ஒரு விதத்தில் கோணியிருந்தது.

இதற்குக் காரணம் ஷூவின் வடிவத்திலேயே இருக்கிறது. பாதம் குதிகால் பக்கம் குறுகி, விரல் பக்கம் அகன்றிருக்கும். பெண்களுக்கான நாகரிக ஷூ விரல் பக்கம்தான் கூம்புகிறது. தரையில் பதிய வேண்டிய குதிகாலை அது மேலே தூக்கியும் வைக்கிறது. இரண்டுமே பார்வைக்காகச் செய்யப்பட்டவை. நடைக்கு அவற்றால் எந்த உதவியும் இல்லை.

குதிரை வீரர்களின் குதி

உயர்ந்த குதி முதலில் ஆண்களுடையது. பாரசீகக் குதிரைப்படை வீரர்களுக்கு அது ஒரு கருவி. சேணத்தின் மேல் எழுந்து நின்று வில்லை வளைக்கும்போது, கால் அங்கவடியிலிருந்து நழுவாமல் குதி பிடித்துக்கொள்ளும். 1599-ல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அந்தக் காலத்தில் பாரசீகப் பாணி மீது ஐரோப்பிய மேட்டுக்குடியினருக்கு ஏற்பட்ட மோகத்தோடு குதி வைத்த ஷூவும் அங்கே வேரூன்றியது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அவையில் சிவப்புக் குதி அந்தஸ்தின் சின்னம். ஹியாசிந்த் ரிகோ 1701-ல் வரைந்த மன்னரின் உருவப்படத்தில் அதைப் பார்க்கலாம். வயலில் இறங்கவோ சேற்றுத் தெருவில் நடக்கவோ தேவையில்லாதவர் என்பதை அந்தக் குதி ஊருக்குச் சொல்லியது.

17-ஆம் நூற்றாண்டில் பெண்களும் குதி வைத்த ஷூவுக்கு மாறினார்கள். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்கள் அதைக் கைவிட, பெண்களிடம் அது தங்கிவிட்டது. 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, அரசவை ஆடம்பரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் சில பத்தாண்டுகள் தட்டை ஷூவுக்கே மவுசு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குதி மறுபடியும் உயர்ந்தது.

அந்தஸ்துக்காகப் பாதத்தை வருத்தும் கதை குதிக்கு வெளியேயும் உண்டு. இத்தாலியின் வெனிஸ் நகரத்துச் சீமாட்டிகள் ‘சோப்பீன்’ என்ற கட்டை வைத்த காலணியில் நடந்தார்கள். அரை மீட்டர் உயரம் உள்ளவைகூட அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பணிப்பெண் தாங்கிப் பிடிக்காமல் அதில் நடக்க முடியாது. சீனாவில் சிறுமிகளின் பாதத்தை ஒடித்து மடித்துக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக நீடித்தது. 1912-ல் அங்கே அமைந்த குடியரசு அதைத் தடை செய்தது.

இன்று ‘பென்சில் ஹீல்ஸ்’ எனப்படும் ஊசிக் குதி 1950-களில்தான் வந்தது. மரத்தில் அவ்வளவு மெல்லிய குதி செய்தால் ஒடிந்துபோகும். உலோகக் கம்பியை உள்ளே வைத்து மேலே பிளாஸ்டிக் வார்க்கும் நுட்பம் கைவந்த பிறகே அது நிலைத்தது. கிறிஸ்டியன் டியோருக்காக ஷூ வடிவமைத்த ரோஜர் விவியே, இத்தாலியரான சல்வத்தோரே ஃபெராகமோ ஆகியோர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 1993-ல் பாரிஸில் நடந்த விவியன் வெஸ்ட்வுட்டின் ஆடை அணிவகுப்பில், மாடல் நவோமி கேம்ப்பெல் மிக உயரமான பிளாட்ஃபார்ம் ஷூவில் தடுமாறி மேடையிலேயே விழுந்தார். நடப்பதையே தொழிலாகக் கொண்டவரை வீழ்த்திய அந்த ஷூ, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

குதி உயர்ந்தால் உடலில் நடப்பது

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள். உடலில் உள்ள 206 எலும்புகளில் கால் பங்கு. இவை உள்ளங்காலில் வளைவாக அமைந்திருக்கின்றன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த திசுப்பட்டை, நாண் வில்லைப் பிடிப்பதுபோல் அந்த வளைவை இழுத்துப் பிடிக்கிறது. அடி எடுத்து வைக்கும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அடுத்த அடிக்கு மறுபடி எழும்பும்.

வெறுங்காலில் நிற்கும்போது எடையில் பெரும்பங்கைக் குதிகால் தாங்குகிறது. அதற்கேற்றபடி குதிகால் எலும்பு பெரியது, அதன் அடியிலுள்ள கொழுப்பு மெத்தையும் தடிமனானது. குதி உயர உயர எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. மெல்லிய ஐந்து நீள் எலும்புகளின் முனைகள் நாள் முழுவதும் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. மாலையில் முன்பாதம் எரிவதும், விரல்களுக்குக் கீழே தோல் தடித்துக் காய்ப்பு விழுவதும் இதனால்தான்.

அடுத்தது கெண்டைக்கால். குதிகால் எப்போதும் தூக்கியே இருந்தால் கெண்டைச் சதை நீள வேண்டிய வேலையே இல்லை. பல ஆண்டுகளாக ஹீல்ஸ் அணிந்துவந்த பெண்களை ராபர்ட் சாப்போ, மார்கோ நாரிச்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஹீல்ஸ் அணியாதவர்களைவிட அவர்களின் கெண்டைத் தசை இழைகள் சுமார் 13 சதவீதம் குறுகியிருந்தன. தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண் தடித்து விறைத்திருந்தது. நாள்தோறும் ஹீல்ஸ் போட்டவர்கள் திடீரென்று தட்டைச் செருப்புக்கு மாறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் மூன்று அங்குலத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று சில மாதங்களில் படிப்படியாக இறங்குவது நல்லது.

முழங்காலும் தப்புவதில்லை. அமெரிக்க மருத்துவர் கேசி கெரிகன் 20 பெண்களை ஹீல்ஸிலும் வெறுங்காலிலும் நடக்கவைத்து, மூட்டின் மேல் விழும் விசையை அளந்தார். ‘லான்செட்’ இதழில் 1998-ல் வெளியான அந்த ஆய்வு, முழங்காலின் உட்பக்கத்தில் விசை 23 சதவீதம் கூடுவதாகக் கண்டது. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் தொடங்குவது அந்த உட்பக்கத்தில்தான். குதி அகலமாக இருந்தால் முழங்காலுக்குப் பாதகம் இல்லை என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. அகலக் குதியை வைத்து 2001-ல் அதே குழுவினர் செய்த ஆய்விலும் விசை கூடியிருந்தது. கால் தள்ளாடாமல் இருக்க அகலம் உதவும். முழங்காலின் பாரத்தைக் குறைக்க உயரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

ஊசிக் குதியின் நுனி ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் அதன் மேல் ஊன்றினால் எடை முழுக்க அந்த இடத்தில் இறங்கும். பழமையான கல் தளங்கள் சேதமாவதைத் தடுக்க, கிரேக்க அரசு 2009-ல் தொல்லியல் இடங்களில் உயரக் குதிச் செருப்புகளுக்குத் தடை போட்டது. அப்படிப்பட்ட குதி நடைபாதை இடுக்கில் சிக்கினால் கணுக்கால் மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஹீல்ஸால் வரும் திடீர்க் காயங்களில் முதலிடம் கணுக்கால் சுளுக்குக்குத்தான்.

கூம்பிய முனை

குதியைவிட முனை அதிகக் கேடு செய்யலாம். ஆனால் அது பேச்சில் அடிபடுவது குறைவு. ஒரு அங்குலக் குதி உள்ள கட் ஷூவும் முனை கூம்பியிருந்தால் விரல்களை நசுக்கும். உயரக் குதியும் கூம்பிய முனையும் சேர்ந்துவிட்டால், பாதம் சரிவில் இறங்கி அந்த முனைக்குள் போய் முட்டிக்கொண்டே இருக்கும்.

இதனால் வரும் கோளாறுகள் நான்கு. பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, விரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்வது முதலாவது. மருத்துவர்கள் இதை ஹாலக்ஸ் வால்கஸ் என்பார்கள். இடம் போதாமல் நடுவிரல்கள் மடங்கி, மடங்கியபடியே இறுகிவிடுவது இரண்டாவது. உரசும் இடத்தில் விழும் கால் ஆணி மூன்றாவது. மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பைச் சுற்றித் திசு தடிப்பது நான்காவது. ஷூவுக்குள் கல் கிடக்கிறதோ என்று அடிக்கடி கழற்றிப் பார்க்கவைக்கும் வலி அது. இந்த நரம்புக் கோளாறும் ஹாலக்ஸ் வால்கஸும் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

பெருவிரல் சாய்வதற்குப் பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் ஷூவின் பங்கை மறுக்க முடியாது. விரல்களை விரித்து வைக்கும் ‘கெத்தா’ மரச்செருப்பை ஜப்பானியர்கள் விட்டுவிட்டு மேற்கத்திய ஷூவுக்கு மாறிய பிறகு, அங்கே இந்தக் கோளாறு பெருகியதை 1981-ல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குழந்தைப் பருவத்திலேயே இது தொடங்குகிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகம். செருப்பும் சாண்டலும் அணிந்தவர்களிடம் குறைவு. வெயில் நாட்டில் வழிவழியாக வந்த திறந்த செருப்பு, வளரும் பாதத்துக்கு நல்லதுதான் என்பதற்கு இந்த ஆய்வு சான்று.

ஷூ பாதத்தின் வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற வாதம் புதிதல்ல. டச்சு உடற்கூறியலாளர் பீட்டர் கேம்பர் 1781-லேயே இதைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அப்போது வலது, இடது என்ற வேறுபாடே இல்லாமல் இரண்டு ஷூக்களையும் நேராகத் தைப்பது பரவலாக இருந்தது. வலது, இடது வேறுபாடு பிறகு வந்தது. முனையின் கூம்பல் போகவில்லை.

தட்டைச் செருப்பு எல்லாம் சுகமா?

ஹீல்ஸை விட்டவர்கள் பலரும் போய்ச் சேர்வது ஹவாய் செருப்பிலோ, ‘பெல்லி’ எனப்படும் தட்டை ஷூவிலோதான். இவற்றிலும் சிக்கல் உண்டு. மெல்லிய அட்டை அதிர்ச்சியைத் தாங்காது. உள்ளங்கால் வளைவுக்கு முட்டுக் கொடுக்காது. பின்வார் இல்லாத செருப்பு நழுவாமல் இருக்க, விரல்கள் ஒவ்வொரு அடியிலும் மடங்கி அதைப் பற்றிக்கொள்கின்றன. நாளுக்குச் சில ஆயிரம் அடிகள் என்றால் உள்ளங்கால் திசுப்பட்டைக்கு ஓய்வே கிடைக்காது. அந்தப் பட்டை நைந்துபோனால், காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தும். நாலு அடி நடந்ததும் குறையும்; உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மண் தரையும் சாணம் மெழுகிய தரையும் போய் கிரானைட்டும் டைல்ஸும் வந்துவிட்டன. வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கம் இல்லை. சமையலறையில் மணிக்கணக்கில் வெறுங்காலில் நிற்பவர்களுக்குக் குதிகால் வலி வந்தால், வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற ஜோடியை வைத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாசல் தாண்டாத செருப்பு என்பதால் ஆசாரம் பார்க்கும் வீடுகளிலும் அதற்கு எதிர்ப்பு குறைந்துவருகிறது.

ஆக, சுகம் என்பது தட்டை என்றோ மெத்தை என்றோ பொருள்படாது. விரலுக்கு இடம், வளைவுக்கு முட்டு, குதிகாலுக்குப் பிடிப்பு, இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத குதி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் சுகம்.

வேலூரும் எம்.சி.ஆர். செருப்பும்

தமிழ்நாட்டுச் செருப்புக் கடைகளில் ‘எம்.சி.ஆர். இருக்கா?’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர்; விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும். இது பரவியதில் வேலூருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு நேரடிக் காரணம் உணர்ச்சியற்ற பாதத்தில் தொடர்ந்து விழும் அழுத்தம் என்று கண்டறிந்தார். வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள். அழுத்தத்தைப் பரப்பிவிடும் செருப்பு வேண்டும் என்று அவரும் கரிகிரி தொழுநோய் மையத்தினரும் செய்துபார்த்த பல முயற்சிகளில் எம்.சி.ஆர். நிலைத்தது.

இன்று அதே செருப்பு சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நரம்பு பாதித்துப் பாதம் மரத்துப்போனால், செருப்பு கடிப்பதும் தெரியாது, கோயில் பிரகாரத்துக் கல் சுடுவதும் தெரியாது. இவர்களுக்குக் கட்டைவிரல் இடுக்கில் வார் செருகிய செருப்பு ஆகாது. பின்வார் உள்ளதாக, அளவு மாற்றிக்கொள்ள வெல்க்ரோ பட்டை வைத்ததாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவி, சிறு கல்லோ ஆணி முனையோ இருக்கிறதா என்று பார்ப்பது அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

கர்ப்ப காலமும் பாதத்தின் அளவை மாற்றும். ஹார்மோன்களால் இணைப்புத் திசு தளர்கிறது, எடை கூடுகிறது, உள்ளங்கால் வளைவு தாழ்கிறது. பல பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் பாதம் சில மில்லிமீட்டர் நீண்டே இருந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு முன் போட்ட அளவையே வாழ்நாள் முழுவதும் கேட்டு வாங்குவது தவறு என்பதற்கு இது ஒன்றே போதும். வயது ஏறினால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துவிடும். முதியவர்களுக்கு மிகவும் மிருதுவான, தடித்த அட்டை ஏற்றதல்ல; தரை பிடிபடாமல் தடுமாறுவார்கள். மெல்லிய, உறுதியான, வழுக்காத அட்டையும் காலோடு ஒட்டி நிற்கும் பட்டையும் விழுவதைத் தடுக்கும்.

வேலையிடத்து விதிகள்

எல்லாப் பெண்களும் தாமாக விரும்பி ஹீல்ஸ் போடுவதில்லை; சில வேலைகளில் அது விதி. 2015 டிசம்பரில் லண்டனில் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைக்குத் தற்காலிக வேலைக்கு வந்த நிக்கோலா தார்ப், தட்டை ஷூ போட்டிருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை குதி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இப்படிக் கட்டாயப்படுத்துவதைச் சட்டவிரோதமாக்கக் கோரி அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட, 2017 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை விவாதித்தது. இருக்கிற சமத்துவச் சட்டமே போதும் என்று அரசு முடித்துக்கொண்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதே ஆண்டு ஹீல்ஸ் கட்டாயத்தைத் தடை செய்தது. பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறையும் 2017-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு அங்குலத்துக்கு மேல் குதி வைத்த ஷூவை எந்த முதலாளியும் வற்புறுத்தக் கூடாது; நின்று வேலை செய்பவர்களுக்கு உட்காரும் இடைவேளையும் தர வேண்டும் என்றது அது. ஜப்பானில் ஹீல்ஸ் கட்டாயத்தை எதிர்த்து யூமி இஷிகாவா 2019-ல் தொடங்கிய ‘குடூ’ இயக்கத்தின் மனுவில் 18,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சில பணிகளுக்கு ஹீல்ஸ் தேவையே என்ற தொனியில் அன்றைய தொழிலாளர் நல அமைச்சர் பேசியது கண்டனத்துக்கு ஆளானது. 2020-ல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

தென்னிந்தியாவில் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்குச் செருப்பின் குதியைவிடப் பெரிய கஷ்டம், காலை முதல் இரவு வரை உட்காரவே முடியாதது. கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பினர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. எவ்வளவு நல்ல செருப்பும் பன்னிரண்டு மணி நேர நிற்றலை ஈடுகட்டாது. கால் வீக்கத்துக்கும் நரம்புச் சுருட்டலுக்கும் செருப்போடு நாற்காலியும் வேண்டும்.

மாறும் மோஸ்தர்

சுகமான செருப்பு என்றால் அவலட்சணம் என்ற எண்ணம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உடைந்திருக்கிறது. ஜெர்மனியின் பிர்க்கன்ஸ்டாக் குடும்பம் 1774 முதல் காலணித் தொழிலில் இருக்கிறது. பாதத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப உள்ளட்டை செய்வது அதன் தனித்திறன். மார்கோ ஃப்ரேசர் 1966-ல் அந்தச் செருப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது ஷூ கடைகள் அதைச் சீண்டவில்லை. ஆரோக்கிய உணவுக் கடைகளில்தான் விற்க முடிந்தது. 2012-ல் பாரிஸ் மேடையில் செலின் நிறுவனத்தின் ஃபீபி ஃபைலோ அதே சாயலில் ஒரு செருப்பை முன்வைத்த பிறகு காற்று திசை மாறியது. 2023 அக்டோபரில் பிர்க்கன்ஸ்டாக் நியூயார்க் பங்குச் சந்தைக்கே வந்தது.

பொது வாழ்விலும் வேலையிலும் ஸ்னீக்கர்ஸ் நுழைந்துவிட்டது. தாய்வழியில் தமிழ்நாட்டு வேர் கொண்ட கமலா ஹாரிஸ், 2020 அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் கான்வர்ஸ் ஷூவுடன் விமானத்திலிருந்து இறங்கிய காட்சி பரவலாகப் பேசப்பட்டது. உக்ரைனின் ஸ்கைஅப் விமான நிறுவனம் 2021-ல் பணிப்பெண்களின் ஹீல்ஸைக் கைவிட்டு ஸ்னீக்கர்ஸைச் சீருடையாக்கியது. இந்தியாவில் 2022-ல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர் முதல் நாளிலிருந்தே ஸ்னீக்கர்ஸைத்தான் சீருடையாக வைத்திருக்கிறது. கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டிய மணப்பெண்கள் பட்டுப்புடவைக்கும் லெஹங்காவுக்கும் அடியில் ஸ்னீக்கர்ஸ் போடுவது நகரங்களில் சாதாரணமாகிவிட்டது.

இந்தியப் பாதத்துக்கு இந்திய அளவு

இந்தியாவில் செருப்பின் அளவு எண்கள் பிரிட்டிஷ் காலத்து மிச்சம். பிறகு ஐரோப்பிய எண்களும் சேர்ந்தன. பிரிட்டிஷ் முறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாததால், 37-க்கும் 38-க்கும் இடையில் கால் மாட்டிக்கொள்வது பெண்களுக்குப் பழகிய அவதி.

1948-ல் நிறுவப்பட்ட சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. பெண் குழந்தைகளின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கில் உச்சத்தை எட்டுகிறது. ஆண் குழந்தைகளுக்கு அது 15, 16 வயதில்தான். இதன் அடிப்படையில், வயதையும் பாலினத்தையும் வைத்து எட்டு வகைகளாகப் பிரித்த ‘பா’ என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டது.

அகலம் போதாத ஷூவில் பெண்கள் செய்வது ஒன்றுதான்: ஒரு எண் கூட்டி வாங்குவது. அகலம் சரியாகும், நீளம் மிஞ்சிக் குதிகால் கழன்றுகொண்டே இருக்கும். இதற்கான தீர்வு தொழிற்சாலையில், ‘லாஸ்ட்’ எனப்படும் பாத வடிவ அச்சில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகள் நெடுங்காலமாக வெளிநாட்டு நிறுவனங்களின் ஆர்டருக்கு அவர்கள் கேட்கும் அச்சில் ஷூ செய்துவருகின்றன. உள்நாட்டுப் பெண்களுக்கு என்று அகலமான அச்சு பரவினால், எண்ணைக் கூட்டி வாங்கும் நிலை மாறும்.

கடையில் பார்க்க வேண்டியவை

பாதம் நாள் போகப் போகச் சற்று வீங்கும். அதனால் செருப்பு வாங்க மாலை நேரமே ஏற்றது. போவதற்கு முன், வீட்டில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று, இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். எடை முழுக்க இறங்கும்போதுதான் பாதம் விரியும். பெரும்பாலானோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். கடையில் செருப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்தால், எந்த இடத்தில் கோடு வெளியே தெரிகிறதோ அந்த இடத்தில்தான் அது கடிக்கும்.

போட்டு நின்றதும் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரலே நீளம். ஷூவுக்குள் விரல்களை அசைக்க முடிய வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து வளைத்தால் விரல்களின் அடிப்பகுதியில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் உள்ளங்காலுக்கு முட்டு இல்லை. துணி பிழிவதுபோல் முறுக்கினால் முழுதாகச் சுருளக் கூடாது. பின்புறக் கிண்ணத்தை இரண்டு விரலால் அழுத்தினால் அமுங்காமல் நிற்க வேண்டும். கடையின் கார்ப்பெட்டில் நடந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் நாலு நடை நடக்க வேண்டும்.

‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். தோல் அகலத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும்; நீளத்தில் கொடுக்காது. ரெக்சின் எதிலும் கொடுக்காது. கடையில் கடிக்கும் ஜோடி வீட்டிலும் கடிக்கும்.

அட்டையின் பொருளும் முக்கியம். பி.வி.சி. மலிவு, ஆனால் கனம், ஈரத்தில் வழுக்கும். இ.வி.ஏ. லேசு, மெத்தென்றிருக்கும், சீக்கிரம் அமுங்கிப்போகும். பாலியூரிதீன் எனப்படும் பி.யு. சுகமும் உழைப்பும் சேர்ந்தது. ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதம் அதைச் சிதைக்கும். விசேஷத்துக்கு என்று அலமாரியில் சில ஆண்டுகள் பூட்டி வைத்த ஜோடி, எடுத்துப் போட்ட அன்றே அடியில் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும், பி.யு. செருப்பை அடிக்கடி போடுவதே அதற்குப் பாதுகாப்பு.

ஹீல்ஸ் போட்டே ஆக வேண்டிய நாளில்

ஹீல்ஸை அடியோடு ஒதுக்க விரும்பாதவர்கள் உண்டு. உயரம் கூடுவது, புடவை எடுப்பாக விழுவது, மேடையில் நிமிர்ந்து தெரிவது எல்லாம் அவர்களுக்கு உண்மையான பலன்கள். எப்போதாவது சில மணி நேரம் போடுவதால் பெரிய கேடு வந்துவிடாது. அன்றாடப் பழக்கம்தான் தசையையும் மூட்டையும் மாற்றுகிறது. போடுவதானால் இரண்டு அங்குலத்துக்குள் அகலமான குதி, கணுக்காலைப் பிடிக்கும் வார், விரலுக்கு இடம் உள்ள முனை ஆகியவற்றைப் பார்த்து வாங்கலாம். மூன்று அங்குலக் குதிக்கு முன்னால் ஒரு அங்குல பிளாட்ஃபார்ம் இருந்தால் பாதத்துக்குத் தெரியும் சரிவு இரண்டு அங்குலமே. ஆனால் தடித்த பிளாட்ஃபார்ம் வளையாது, தரையையும் உணரவிடாது. கணுக்கால் மடங்கும் ஆபத்து உண்டு.

புடவை கட்டுபவர்கள் செருப்பை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கொசுவம் வைத்துக் கட்டிய புடவை, பாதியில் தட்டைச் செருப்புக்கு மாறினால் தரையில் புரண்டு காலைத் தட்டும். இரண்டு ஜோடி கொண்டுபோவதானால், தட்டைச் செருப்பின் உயரத்துக்குக் கட்டிக்கொள்வதே பாதுகாப்பு. ஹீல்ஸைக் கழற்றியதும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து அரை நிமிடம் நிற்பது கெண்டைச் சதையை நீட்டிவிடும். இரண்டு காலுக்கும் மூன்று முறை செய்தால் போதும்.

எப்போது மாற்றுவது

செருப்பை மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் ஆயுள் தெரியும். குதியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து செருப்பு சாய்ந்து நின்றால், கணுக்காலும் முழங்காலும் அதே பக்கம் சாய்ந்துதான் நடந்துகொண்டிருக்கின்றன. உள்ளட்டையில் குதிகாலும் விரல்களும் பள்ளம் பறித்திருந்தால் மெத்தை செத்துவிட்டது என்று பொருள். வார் அறுவது வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாடத்துக்கு இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் வியர்வை உலர நேரம் கிடைக்கும். இரண்டும் கூடுதலாக உழைக்கும்.

செருப்பை மாற்றியும் சில வாரங்களில் குறையாத வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், விரல்களில் மரத்துப்போதல், ஆறாத புண் ஆகியவற்றுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவது யாருக்கும் நல்லதல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு அது விரலையே இழக்கும் அளவுக்குக் கொண்டுபோகும். ஆணியை நீக்கிய பிறகும் பழைய செருப்பையே போட்டால் அதே இடத்தில் அது மறுபடி முளைக்கும். சிகிச்சையோடு செருப்பும் மாறினால்தான் தீரும்.